கொள்வோர் அறம்

வணிக அறம் என்றாலே பேச்சு விற்பவரை நோக்கிப் போய்விடுகிறது. எடை குறைக்கக் கூடாது, கலப்படம் கூடாது, பொய்ச் சத்தியம் கூடாது என்று கடைக்காரருக்குச் சொல்லாத சமயம் இல்லை. காசை நீட்டுகிறவருக்கு என்ன கடமை என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. விலையைக் கொடுத்ததும் அவர் கடன் தீர்ந்தது என்பதே பொது எண்ணம். தெருமுனைக் கடையில் உப்பு வாங்கும்போது இந்த எண்ணத்தைச் சோதிக்க வாய்ப்பு வராது. வரிசை வரிசையாக அரங்குகள் நிற்கும் கண்காட்சிப் பந்தலிலும், இருள் பிரியுமுன் வண்டி வண்டியாக ஆடு வந்து இறங்கும் சந்தையிலும் வரும். அங்கே வாங்குபவருக்குத் தேர்ந்தெடுக்கும் வலிமை இருக்கிறது. வலிமை உள்ளவரிடம்தான் அறமும் கேட்கப்படும்.

பழந்தமிழில் பட்டினப்பாலை இதை ஓர் அடியில் தொட்டுவிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், அவர்கள் குறைத்துக் கொடுப்பதில்லை என்பதோடு நிற்கவில்லை. தாங்கள் வாங்கும்போது மிகுதியாக எடுத்துக்கொள்வதும் இல்லை என்கிறார். மேடைகள் இதில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறு பாதியை விட்டுவிட்டன. வாங்கும் இடத்தில் மிகுதி என்பது எது? தேவைக்கு மேல் அள்ளுவதா, தனக்கு உரிமையில்லாததைக் காசு கொடுத்துத் தனதாக்கிக்கொள்வதா, விற்பவரின் இக்கட்டைப் பார்த்து மதிப்புக்குக் கீழே அடித்து வாங்குவதா? மூன்றும் வேறு வேறு தவறுகள்.

இந்த மூன்றையும் ஆராய்வதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் தோதான இடம். கொடும்பாளூர் மணிக்கிராமம், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் ஆகிய பழைய வணிகக் குழுக்கள் நடமாடிய வட்டாரம் இது. நார்த்தாமலை சோழர் காலத்தில் வணிக நகரமாக இருந்தது. இன்று புதுக்கோட்டை நகரின் சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. 2016 முதல் மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் சேர்ந்து புத்தகத் திருவிழா நடத்திவருகின்றன. சமணம், சைவம், இஸ்லாம் ஆகிய மூன்றும் இந்த மண்ணில் ஆழமாக ஊன்றியவை; கொள்வோர் பற்றி மூன்றும் வேறு வேறு கோணத்தில் பேசுகின்றன.

சமணத்திலிருந்து தொடங்குவது முறை. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. எதையும் உடைமையாகக் கொள்ளாத துறவிகள் படுத்த இடங்கள் அவை. சந்தைக்குப் போகிறவருக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ஆனால் சமணம் துறவியோடு முடிந்துவிடவில்லை. இல்லறத்தாருக்கு அது வகுத்த அணுவிரதங்கள், முழுத் துறவை வாழ்க்கை நடத்துகிறவர் தாங்கும் அளவுக்குச் சுருக்கித் தந்தவை. ஐந்தாம் விரதம் பொருளை விடச் சொல்லவில்லை. பொருளுக்கு அளவு குறிக்கச் சொல்கிறது. நிலமும் வீடும் இவ்வளவு, பொன்னும் வெள்ளியும் இவ்வளவு, ஆடுமாடும் தானியமும் இவ்வளவு, துணியும் பாத்திரமும் இவ்வளவு என்று வரம்பை இல்லறத்தாரே வைக்கிறார்கள். எவ்வளவு என்பதை ஆசாரியர் சொல்வதில்லை, நூலும் சொல்வதில்லை. வைத்த பிறகு தாண்டுவதுதான் குற்றம்.

இதோடு சேர்ந்த இன்னொரு விரதம் சந்தைக்கு இன்னும் நெருக்கமானது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதையொட்டித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும், நுகர்பொருளை இரண்டாகப் பிரிக்கின்றன: சோறு, பூ, சாந்து போல ஒரு முறை துய்த்தால் தீர்ந்துபோவது, ஆடை, அணி போலத் திரும்பத் திரும்பப் பயன்படுவது. இரண்டுக்கும் அளவு குறிக்க வேண்டும். அந்த அளவை ஆயுள் முழுவதற்கும் வைக்கலாம். ஒரு பகல், ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு பருவம் என்று காலம் வரையறுத்தும் வைக்கலாம். கண்காட்சிக்குப் போகிறவருக்கு இந்தக் கால வரையறைதான் முக்கியம். பத்து நாள் திருவிழாவுக்கும் ஒரு காலைச் சந்தைக்கும் விரதம் வைத்துக்கொள்ள இடமிருக்கிறது.

இதன் உட்பொருள் சிக்கனம் அன்று. சிக்கனக்காரர் பந்தலுக்குள்ளே நின்றுகொண்டு, ஒவ்வொரு பொருளின் முன்னாலும் வேண்டுமா வேண்டாமா என்று மல்லுக்கு நிற்கிறார். பாதி முறை தோற்கிறார். விரதம் வைத்தவருக்கு அந்தப் போர் வீட்டிலேயே முடிந்துவிட்டது. பொருள்களின் நடுவில் நிற்கும் மனத்தைச் சமணம் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கை நியாயமானது. விளக்கு வெளிச்சம், ஒலிபெருக்கி, பக்கத்தில் நிற்பவர் வாங்கும் வேகம், ‘இன்று மட்டும்’ என்ற அட்டை எல்லாமே அங்கே எடுக்கப்படும் முடிவைத் திசைதிருப்பவே வைக்கப்பட்டவை. ஆகவே மொத்தத் தொகையும் வாங்க வேண்டியவற்றின் பட்டியலும் வாசலைத் தாண்டுமுன் எழுதப்பட்டிருக்க வேண்டும். அனுபவப்பட்ட கொள்முதல்காரர்கள் முதல் சுற்றில் எதையும் வாங்குவதில்லை. எல்லா அரங்குகளையும் பார்த்து, விலைப்பட்டியல்களை வாங்கிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு, இரண்டாம் சுற்றில்தான் பையைத் திறப்பார்கள். வாசலருகே உள்ள பெரிய அரங்குகளில் பணம் கரைந்து, கடைசி வரிசையின் சின்ன அரங்குக்குப் போகும்போது கை வெறுமையாகிவிடுவது புத்தகத் திருவிழாக்களில் வழக்கமாக நடப்பது. தேடிவந்த பழைய பதிப்பு பல நேரம் அந்தக் கடைசி வரிசையில்தான் இருக்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வேண்டியது இன்னதென்று முன்பே தெரிந்தால் கண்காட்சிக்கு ஏன் போக வேண்டும்? பட்டியலை அஞ்சலில் அனுப்பினால் போதுமே. இல்லாதது என்றே தெரியாதிருந்த ஒன்றைக் காண்பதற்குத்தான் மனிதர் கூட்டத்துக்குள் போகிறார்கள். அளவு குறித்த மனம் அந்தக் காட்சிக்குக் கண்ணை மூடிவிடாதா? சித்தன்னவாசல் ஓவியத்தையே இந்த மறுப்புக்குச் சான்றாகக் காட்டலாம். அறிவர் கோயிலின் விதானத்தில் இருப்பது தாமரைக் குளம். மீனும் அன்னமும் எருமையும் யானையும் அதில் இருக்கின்றன. தீர்த்தங்கரரின் பேரவைக்குப் போகும் வழியில் பவ்வியர்கள், அதாவது வீடுபேற்றுக்குத் தகுதியுள்ளவர்கள், இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். துறவைப் போற்றிய சமயம் தன் கோயில் விதானத்தில் இத்தனை செழிப்பைத் தீட்டியிருக்கிறது.

விடை விரதத்தின் அமைப்பிலேயே உள்ளது. அது அளக்கிறது, கண்ணைக் கட்டுவதில்லை. இவ்வளவு என்பதைத்தான் அது பூட்டுகிறது, இன்னது என்பதை அன்று. தொகையில் பெரும்பங்கைப் பட்டியலுக்கும் ஒரு பங்கை எதிர்பாராததற்கும் முன்கூட்டியே ஒதுக்கிவைத்தால், புதியதைக் கண்டு வியக்கவும் இடம் இருக்கும், வரம்பும் உடையாது. சொல்லப்போனால், வாங்கியாக வேண்டும் என்ற பதற்றம் இல்லாதவர்தான் நிதானமாகப் பார்க்கிறார்.

இரண்டாவது தவறு, உரிமையில்லாததை வாங்குவது. இங்கே சமணம் வியப்பூட்டும் அளவுக்குக் கறாரானது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து மீறல்களைச் சொல்கிறது: திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அரசின் சட்டத்தை மீறி வணிகம் செய்வது, கள்ள அளவை, போலிச் சரக்கு. இரண்டாவது மீறலைச் செய்பவர் வாங்குபவர். அவர் பூட்டை உடைக்கவில்லை, விலையும் கொடுத்துவிட்டார். ஆனாலும் கள்ளாமை விரதம் அவரிடத்தில் கறைபடுகிறது. பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருப்பதும் ஒரு செயல் என்று இந்த நூல் கருதுகிறது.

இது பழங்கதை இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட நடராசர் செப்புத்திருமேனியை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் காட்டிய முந்தைய உடைமை வரலாறு போலி என்று தெரியவந்து, 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. வாங்கிய நிறுவனம் திருடவில்லை. ஆனால் அவ்வளவு விலை கொடுக்க ஆள் இருந்ததால்தான் சிலை பீடத்தை விட்டுப் பெயர்ந்தது. அதே தர்க்கம் சின்ன அளவில் திருட்டுப் பதிப்புக்கும் பொருந்தும். பாதி விலைக்குக் கிடைக்கும் மங்கலான அச்சுப் புத்தகத்தை வாங்குபவர், எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் சேர வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். புத்தகக் காட்சிகளில் பத்து விழுக்காடு தள்ளுபடி வழக்கமானது. அதைவிடப் பல மடங்கு தள்ளுபடி தரும் புதுப் புத்தகத்தைக் கண்டால், ஏன் இந்த விலை என்று கேட்பது நல்லது. பழைய இருப்பைத் தள்ளிவிடுகிறார்களா, மூலமே சரியில்லையா என்பது இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இதை மேலும் விரித்தார். 1930-களில் கிராமத் தொழில்களைப் பற்றி எழுதியபோது, ஒரு பொருளை வாங்குகிறவர் அது உருவான முறைக்கும் பங்காளி ஆகிறார் என்று வாதிட்டார். அடிமை உழைப்பில் விளைந்ததை வாங்கினால் அந்தக் கொடுமையின் பாரத்தில் ஒரு பங்கு வாங்கியவரையும் சேரும். சமண மீறலைவிட இது கடுமையானது, கடைப்பிடிக்கவும் கடினமானது. ஒரு செல்பேசிக்குள் இருக்கும் உலோகம் எந்தச் சுரங்கத்தில் யார் தோண்டியது என்று யாரால் சொல்ல முடியும்? குமரப்பா இதனாலேயே பக்கத்தில் விளைவதை வாங்கச் சொன்னார். தூரம் கூடக் கூடப் பொறுப்பை அறிவதும் கூடாமல் போகிறது என்பது அவர் கருத்து. கண்காட்சி இந்தத் தூரத்தைச் சில மணி நேரத்துக்காவது குறைக்கிறது. செய்தவர் அல்லது செய்தவரை அறிந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். யார் செய்தார்கள், எங்கே, மாதத்துக்கு எத்தனை முடியும், மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று முகம் பார்த்துக் கேட்கலாம். விலையை மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறவர் கடைக்குப் போயிருந்தாலே போதும்.

மூன்றாவது, விலை. இதில் ஆட்டுச் சந்தையும் மாட்டுச் சந்தையும் பல நூல்களைவிட நல்ல ஆசிரியர்கள். தமிழகத்துக் கால்நடைச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் கைகோத்து விரல் பிடித்து விலை பேசும் பழக்கம் இன்னும் முழுதாக மறையவில்லை. தரகரின் விரல் பேசும் விலை சுற்றி நிற்பவருக்குத் தெரியாது. இந்த மறைவை ஏமாற்று என்றே பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு இன்னொரு முகமும் உண்டு. அவசரத்துக்கு விற்கிறவர் தாழ்ந்த விலைக்கு இறங்கினால், அந்த அவமானம் ஊருக்குத் தெரிவதில்லை. ஆனாலும் நியாயத் தராசில் மறைவால் வரும் தீமைக்கே பாரம் கூடுதல். வாரந்தோறும் வரும் வியாபாரிக்கு அன்றைய விலை மனப்பாடம். வருடத்தில் ஒருமுறை இரண்டு கிடாய் கொண்டுவரும் விவசாயிக்கு அது தெரியாது.

இஸ்லாமிய வணிகச் சட்டம் இந்தச் சமமின்மையைத்தான் குறிவைக்கிறது. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம் எனப் புதுக்கோட்டைக் கடற்கரை நெடுக முஸ்லிம் ஊர்கள் உண்டு. திருமயம் அருகே காட்டுபாவா பள்ளிவாசலுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். நபிமொழிகளிலிருந்து ஃபிக்ஹு எனும் இஸ்லாமியச் சட்டவியலின் அறிஞர்கள் வகுத்த விதிகளில் சில நேராக வாங்குபவருக்கே உரியவை. சரக்கோடு வரும் ஒட்டகக் கூட்டத்தைச் சந்தைக்கு வெளியே வழிமறித்து, அன்றைய விலை தெரியுமுன் வாங்கிவிடக் கூடாது. அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், விற்பனையை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு. வாங்கும் எண்ணம் இல்லாமல் ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவதும் கூடாது. ஒருவர் பேசி முடித்த பேரத்தின் மேல் இன்னொருவர் புகுவதும் தடை. மறைத்த குறை பின்னால் தெரிந்தால் பொருளைத் திருப்பலாம். கடலோரத் தமிழ் முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் ஷாஃபி மரபில், பேரம் பேசிய இடத்தை விட்டு இருவரும் பிரியும்வரை எவரும் மனம் மாறலாம்.

முதல் விதி இன்றும் பொருந்துவதைப் பார்க்க அரேபியா போக வேண்டாம். சந்தைக்கு வரும் சாலையிலேயே ஆட்டு வண்டியை நிறுத்தி விலை பேசுபவரை எந்த ஊரிலும் காணலாம். விவசாயி சம்மதித்துத்தானே விற்கிறார் என்று சொல்வார்கள். அவர் சம்மதித்தது தெரியாமையால். அந்தத் தெரியாமையை உண்டாக்குவதே வழிமறித்தவரின் உத்தி. கண்காட்சிகளின் கடைசி நாள் மாலையிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடக்கிறது. மிச்சச் சரக்கைத் திருப்பி ஏற்றிப்போக வண்டிக் கூலி ஆகும் என்பதால் விற்பவர் எந்த விலைக்கும் இறங்குவார் என்று காத்திருந்து வருகிறவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கடைசி நாளில் விற்பவருக்கு எல்லா விலையும் தெரியும். கூலியையும் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தே அவர் இறங்குகிறார். அங்கே பேரம் பேசுவது குற்றமில்லை. கூலி, நட்டம் எல்லாவற்றையும் தாண்டி, எதிரே இருப்பவரின் பதற்றத்தையே விலையாக்கும்போது அது பட்டினப்பாலை சொன்ன மிகுதி ஆகிறது.

குறையை ஆராய்வது அவநம்பிக்கை என்று கூச்சப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். சந்தையில் அந்தக் கூச்சமே கிடையாது. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், ஆட்டைத் தூக்கி எடையை ஊகிப்பார்கள். சுழி பார்ப்பதும் உண்டு. அது நம்பிக்கை சார்ந்தது, மாட்டின் உழைப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. மற்றவை எல்லாம் வாங்குபவரின் கடமைகளே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மறுவிற்பனைக்கு வாங்குபவரை நுகர்வோராகவே கருதுவதில்லை. ஆகவே விற்பதற்காகக் கொள்முதல் செய்ய வருகிறவர் பொருளைத் தொட்டு, பிரித்து, சோதித்துப் பார்க்காவிட்டால் பிறகு நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்ட முடியாது.

இதுவரை சொன்னவை எல்லாம் தனக்கென வாங்குபவரை அளந்தன. பிறருக்காக வாங்குபவர் வரும்போது கேள்வி மாறுகிறது. அங்கே சைவம் பேசத் தொடங்குகிறது. கோனாட்டுக் கொடும்பாளூரை ஆண்ட இடங்கழியார் அறுபத்துமூவரில் ஒருவர். அடியவர்க்கு அமுது படைக்க வழியில்லாமல் ஒரு தொண்டர் அரசனின் நெற்கொட்டாரத்தில் இரவில் புகுந்து நெல் எடுக்கிறார். காவலர் பிடித்து வருகிறார்கள். காரணத்தைக் கேட்ட அரசர் அவரை விடுவித்ததோடு, அடியார்கள் தம் பண்டாரத்தைக் கொள்ளை கொள்ளலாம் என்று பறையறையச் செய்தார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். தத்துவார்த்த சூத்திரத்தின் முன் வைத்தால் இந்தத் தொண்டர் குற்றவாளி. சேக்கிழாரின் கணக்கு வேறு. நெல் யாருடைய கொட்டாரத்தில் இருந்தது என்பதைவிட யார் வயிற்றுக்குப் போகிறது என்பது அங்கே பெரிது.

இரண்டு நிலைகளும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை. தனக்கு வாங்கும்போது அளவு கேட்கப்படுகிறது. பிறருக்கு வாங்கும்போது போய்ச்சேரும் இடம் கேட்கப்படுகிறது. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி–டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் நுகர்வு என்று பார்த்தால் எந்த விரதமும் அதைத் தாங்காது. ஆய்வாளர்கள் வந்து எடுத்துப் படிக்கும் இடம் என்று பார்த்தால் அது கொட்டாரத்தைத் திறந்துவிட்ட செயலுக்கு நெருங்கி வருகிறது. அதே எண்ணிக்கை நூல்களைப் பூட்டிய அலமாரியில் அடுக்கி, முதுகு அட்டைகளை மட்டும் விருந்தினருக்குக் காட்டுகிறவர் சமணக் கணக்கிலும் தேறமாட்டார், சைவக் கணக்கிலும் தேறமாட்டார்.

பள்ளிக்கும் ஊர் நூலகத்துக்கும் மகளிர் குழுவுக்கும் கூட்டுறவுக் கடைக்கும் வாங்கப் போகிறவர் கையில் இருப்பது பிறர் பணம். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு இந்த நிலைக்கு நல்ல சான்று. ஓர் அணாவுக்கு இருபது என்ற அந்தச் சின்னச் செப்புக் காசின் ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. தொண்டைமான் மன்னர்கள் தங்களைப் பிரகதாம்பாள் தாசர் என்றே சொல்லிக்கொண்டார்கள். நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசையும் தானம் கொடுத்தார்கள். காசு அம்மனுடையது, அரசன் அதைக் கையாளும் ஊழியன் என்பது அதன் கொள்கை. நடைமுறையில் அரசர்கள் எல்லோரும் அப்படி நடந்தார்களா என்பது வேறு பேச்சு. நிறுவனத்துக்காக வாங்குகிறவருக்கு அந்தக் கொள்கை அப்படியே பொருந்தும். தன் பணமாக இருந்தால் விருப்பத்துக்கு வாங்கலாம். இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் படிக்கப்போகிறவர், உடுத்தப்போகிறவர், தின்னப்போகிறவர் யார் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். அரங்குக்காரர் தரும் தனிப்பட்ட பரிசு, கூடுதல் தள்ளுபடியைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வது ஆகியவை கொட்டாரத்தில் தன் வயிற்றுக்காகப் புகுந்ததற்குச் சமம். இடங்கழியார் அப்படிப்பட்டவரை விட்டிருக்கமாட்டார்.

கண்காட்சி முடிந்த பிறகும் கொள்வோர் அறம் தொடர்கிறது. பெரும்பாலானோர் கவனிக்கத் தவறும் பகுதி இதுதான். மொத்த வியாபாரி என்று சொல்லிக்கொண்டு அரங்கு அரங்காக மாதிரிகளை இலவசமாக வாங்கிப் போகிறவரிடம் பொய்யாமையும் கள்ளாமையும் சேர்ந்தே தவறுகின்றன. சின்ன உற்பத்தியாளருக்கு ஒரு மாதிரியின் அடக்க விலை பெரிது; காசு கொடுத்து வாங்குவதே முறை. ‘ஆர்டர் தருகிறேன்’ என்று சொன்னவரை நம்பி மகளிர் குழு நூலும் சாயமும் கடனுக்கு வாங்கிவிடும். வாங்கப்போவதில்லை என்று முடிவானதும் இரண்டு வரி தகவல் அனுப்பினால் அந்தக் கடன் மிச்சமாகும்.

பணம் கொடுக்கும் நாளைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். எப்படி ஒப்பந்தம் போட்டாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். மறைந்த குறைக்கு ஃபிக்ஹு தரும் திருப்பும் உரிமையும் இந்த 15 நாளும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை: வாங்கியவரும் ஏமாறக் கூடாது, அவர் மௌனமாக இழுத்தடித்து விற்றவரையும் தொங்கவிடக் கூடாது.

பதிவு பெறாத விற்பனையாளரை இந்தச் சட்டம் எட்டாது. சந்தைக்கு இரண்டு கிடாய் கொண்டுவரும் விவசாயி, வடகாட்டுப் பலாவை வண்டியில் ஏற்றி வருகிறவர், ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் முந்திரி வறுத்து விற்கும் பெண் ஆகியோருக்கு 45 நாள் விதியும் இல்லை, வட்டியும் இல்லை. அவர்களிடம் வாங்குபவர் அன்றைக்கே முழுத் தொகையையும் கையில் கொடுத்துவிட வேண்டும்.